வெட்டப்பட்ட காடு முழுதாக வந்தது: 'ஸ்லீப்பிங் பியூட்டி' புளூரே வட்டும் அதன் பின்னணி ஓவியங்களும்

கனடாவில் வசிக்கும் என் அக்கா கடந்த ஆடி மாதம் திருகோணமலைக்கு வந்தபோது எனக்காகக் கொண்டுவந்த பொருள்களுள், யாரோ பாவித்துவிட்டு விற்ற ஒரு புளூரே வட்டுப் பெட்டியும் இருந்தது. டிஸ்னி நிறுவனம் 1959-ஆம் ஆண்டு ஜனவரி 29-இல் வெளியிட்ட 'ஸ்லீப்பிங் பியூட்டி' என்ற முழுநீளக் கார்ட்டூன் படத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு அது, 2008-இல் வெளிவந்தது. அந்த நிறுவனத்தின் பழைய முழுநீளக் கார்ட்டூன்களுள் புளூரேயில் முதன்முதலாக வந்ததும் இதுவே. இந்த மதிப்புரையில் படத்தின் கதையையோ பாடல்களையோ நான் எடைபோடப் போவதில்லை. இளவரசிக்கும் தேவதைகளுக்கும் சூனியக்காரிக்கும் பின்னால் 75 நிமிடமும் நிற்கின்ற வண்ண ஓவியங்களை இந்த வட்டு எவ்வளவு நேர்மையாக நம் கண்முன் வைக்கிறது என்ற ஒன்றையே பார்க்க விரும்புகிறேன். பின்னணி ஓவியத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலேயே இரண்டு இடங்களில் இருந்து வந்தது. அவற்றைச் சொல்லாமல் இந்த வட்டைப் பற்றிச் சொல்ல இயலாது.

முதலாவது எங்கள் வீட்டு முற்றம். அப்பா விளம்பரப் பலகை எழுதுபவர். பாடசாலைகளில் நாடகம் போடும் காலம் வந்தால் பலகைகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சீன் வரையத் தொடங்குவார். காடாத்துணியை முற்றத்தில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்து, வச்சிரப் பசை காய்ச்சி, அதில் தூள் சாயத்தைக் கரைத்து, வெள்ளையடிக்கும் தூரிகையாலேயே வானத்தை இழுத்துவிடுவார். அரண்மனை, தெரு, வனம் ஆகிய மூன்றும் எப்போதும் வேண்டியவை. அவற்றுள் வனம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இரு ஓரங்களிலும் அடர்ந்து நிற்கும் மரங்கள் நடுவில் வந்ததும் மெலிந்து, வெறும் வெளிர்பச்சையாகிவிடுவது எனக்கு ஏமாற்றமாக இருக்கும். ஏன் நடுவில் மரம் இல்லை என்று கேட்டபோது, "நடுவில ஆக்கள் வந்து நிப்பினம் பிள்ளை, அவைக்கு இடம் விட வேணும்" என்றார். நாடகம் முடிந்ததும் அந்தத் துணியைத் தோய்த்துக் காயவைத்து, அடுத்த பாடசாலைக்கு அதன்மீதே வேறு சீன் வரைவார். வச்சிரச் சாயம் தண்ணீரில் கரைந்துபோவது. ஆகவே அவர் வரைந்த வனங்களுள் ஒன்றுகூட இன்று இல்லை.

இரண்டாவது, எங்கள் ஒழுங்கையில் நிறத் தொலைக்காட்சி இருந்த ஒரேயொரு வீட்டின் விறாந்தை. ரூபவாஹினி 1982-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது; திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்தவின் முயற்சியால் வெளிநாட்டுக் கார்ட்டூன்கள் சிங்களக் குரலுடன் வரத் தொடங்கின. பக்ஸ் பனி என்ற முயலார் சரளமாகச் சிங்களம் பேசினார். விறாந்தையில் இருந்த எங்களுள் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. பேச்சு விளங்காத பிள்ளையின் கண் பேசுகின்ற முகத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. வேலிக்கும் கதவுக்கும் மலைக்கும் வானத்தின் நிறத்துக்கும் போய்விடுகிறது. இன்று எண்ணிப் பார்க்கும்போது, மொழி விளங்காமற்போனதே எனக்குக் கிடைத்த முதல் ஓவியப் பாடம் என்று படுகிறது.

என் தம்பி அந்த விறாந்தையில் ஒரு வித்தை காட்டுவான். பாலைவனத்தில் ஓடும் ரோட் ரன்னர் பறவையை ஓநாய் துரத்துகின்ற படங்களில், மலையுச்சியில் பத்துப் பாறைகள் நின்றால், "அந்தக் கல்லுத்தான் விழப்போகுது, பார்" என்று ஒன்றைக் காட்டுவான். அவன் பிழைத்ததே இல்லை. மற்றப் பாறைகளைவிட அந்த ஒன்றின் நிறம் சற்று வெளிறி, தட்டையாக இருக்கும் என்பதை அவன் கண்டுபிடித்திருந்தான். அதன் காரணம் எளியது. அசையாத பொருள்கள் எல்லாம் அட்டையிலோ தடித்த தாளிலோ, நிழலும் ஒளியும் கலந்து, ஓர் ஓவியர் நிதானமாகத் தீட்டியவை. அசையப் போகின்றவை கண்ணாடிபோன்ற செல் தாளில் கோடு வரைந்து, அதன் மறுபக்கத்தில் ஒரே சீரான வண்ணம் நிரப்பப்பட்டவை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒளிப்படம் எடுக்கும்போது, இரு வேறு கைகளின் வேலை என்பது தெரிந்துவிடும். அந்தப் பறவையின் 'பீப் பீப்' குரலைக் கொடுத்த பால் ஜூலியன் என்பவரே ஒரு பின்னணி ஓவியர் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னர் அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. படத்தின் பின்னால் நின்ற மனிதர் ஒருவரின் குரலை நாங்கள் அறியாமலே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இனி வட்டுக்கு வருகிறேன். 'ஸ்லீப்பிங் பியூட்டி'யை நான் முதலில் பார்த்தது தொண்ணூறுகளில், வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவில். அந்நாளைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரை 4:3 என்ற அளவினது. படமோ அகலமானது. நாடாவில் பதிந்தவர்கள் படத்தின் உயரத்தைப் பெட்டியின் உயரத்துக்குப் பொருத்திவிட்டு, இருபுறமும் மிஞ்சியதை வெட்டிவிட்டார்கள். இந்தப் படத்தின் முழு அகலம் 2.55-க்கு 1 என்பதால், கணக்குப் பார்த்தால் ஓவியத்தில் ஏறத்தாழப் பாதி பறிபோயிருக்கிறது. எந்தப் பாதியை வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்த இடங்களில் எல்லாம் முகம் இருக்கும் பாதியே வைத்துக்கொள்ளப்பட்டது. அப்பா சொன்ன நியதிப்படி மரங்கள் அடர்ந்து நிற்பது ஓரங்களில். ஆகவே வெட்டுப்பட்டது முழுக்க முழுக்கக் காடுதான். நான் அந்தப் படத்தைப் பார்த்தேன் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தது உண்மையல்ல என்பதை இந்த வட்டைப் போட்ட முதல் பத்து நிமிடத்திலேயே உணர்ந்தேன்.

படம் எடுக்கப்பட்ட முறையையும் இங்கே சொல்ல வேண்டும். சூப்பர் டெக்னிராமா 70 என்ற அந்த முறையில் 35 மில்லிமீற்றர் படச்சுருள் கமராவுக்குள் கிடையாக ஓடும். சுருளில் பதியும் தனித்தனிப் படம் ஒவ்வொன்றையும் சட்டம் என்பார்கள். வழக்கமான சட்டம் சுருளின் ஓரத்திலுள்ள துளைகளில் நான்கின் உயரம் கொண்டதென்றால் இதில் ஒவ்வொரு சட்டமும் எட்டுத் துளைகளின் நீளத்தைப் பிடிக்கும். அவ்வளவு பெரிய இடத்தில் பதிந்ததை 70 மில்லிமீற்றர் சுருளில் அச்சிட்டுத் திரையிட்டார்கள். தூரிகையின் மிகச் சிறிய தீற்றலும் அதில் பதிவாகும். 2003-இல் வந்த டிவிடியிலும் அகலத் திரை இருந்தது, ஆனால் 2.35-க்கு 1 என்ற அளவோடு நின்றுவிட்டது. 2008-இன் இந்த வட்டிலேயே 2.55 முழுமையாகக் கிடைக்கிறது. ஒரே உயரத்தில் வைத்து ஒப்பிட்டால் அகலத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடுதல். எண்ணாகப் பார்த்தால் சிறிது. ஓரத்தில் நிற்கும் ஓர் அடிமரம் முழுதாகத் தெரிவதற்கும் பாதியாகத் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு அது.

எங்கள் வீட்டில் இருப்பது 43 அங்குலத் தொலைக்காட்சி. அதில் இந்தப் படம் 95 சென்ரிமீற்றர் அகலமும் 37 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட நீண்ட பட்டையாகத் தெரிகிறது. மேலும் கீழும் திரையின் முப்பது வீதம் கறுப்பாகவே இருக்கும். அதைக் குறையென்று எண்ணித் தொலைக்காட்சியின் பெரிதாக்கும் பொத்தானை அழுத்திவிடக் கூடாது. அழுத்தினால் பழைய வீடியோ நாடா செய்த வேலையை நாமே செய்தவர்கள் ஆவோம்.

இந்தப் பின்னணிகளின் தலைமை ஓவியர் ஐவிண்ட் ஏர்ல். 1916-இல் நியூயோர்க்கில் பிறந்து 2000-இல் மறைந்தவர். அவருக்குப் பத்து வயதானபோது, நாளொன்றுக்கு ஐம்பது பக்கம் வாசி, அல்லது ஒரு படம் வரை என்று தந்தை தெரிவு கொடுத்தாராம். பையன் இரண்டையும் செய்தான். 1951-இல் டிஸ்னியில் உதவிப் பின்னணி ஓவியராகச் சேர்ந்த அவரிடம், இந்தப் படத்தின் நிறத்தையும் தோற்றத்தையும் தீர்மானிக்கும் பெரும் அதிகாரத்தை வால்ட் டிஸ்னி ஒப்படைத்தார். நியூயோர்க்கின் குளொய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் தொங்கும் ஒற்றைக்கொம்புக் குதிரைச் சித்திரக் கம்பளங்கள், பிரெஞ்சுப் பிரபு ஒருவருக்காக வரையப்பட்ட ஏட்டுச் சித்திரங்கள், பாரசீக நுண்ணோவியங்கள் ஆகியவற்றை எல்லாம் பார்த்து உருவான தோற்றம் அது. அந்தக் கம்பளங்களில் வெற்றிடம் என்பதே இல்லை. உருவங்களுக்கு இடையில் உள்ள ஒவ்வொரு விரற்கடையிலும் ஒரு பூச்செடி நிற்கும். நமது தேர்ச்சீலைகளைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இராது. ஒரு நாளில் தீட்டி முடிக்கக்கூடிய பின்னணி ஒன்றுக்கு இந்தப் படத்தில் ஏழு முதல் பத்து நாள் வரை பிடித்தது என்பதில் வியப்பும் இல்லை.

படத்தை நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்கே இந்த வட்டு பிறந்தது என்பது என் எண்ணம். இளவரசி அரோரா காட்டில் நடந்து போகின்ற நெடிய காட்சியில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்துங்கள். மரங்கள் தூண்களைப்போல் நேராக எழுகின்றன. புதர்கள் சதுரமாகவும் பெட்டியாகவும் வெட்டிவிட்டதுபோல் நிற்கின்றன. பாறைகளுக்கும் விளிம்பும் மூலையும் உண்டு. இயற்கையில் இல்லாத இந்த ஒழுங்கைக் கண்ட முதற்கணம் மனம் சற்று மறுக்கும். அடுத்த கணம், அந்தக் கட்டான உருவத்துக்குள்ளே மரப்பட்டையின் வெடிப்புகளும் பாசியின் திட்டுகளும் இலைகளும் ஒவ்வொன்றாக, பொறுமையாக, இருளிலிருந்து ஒளிக்கு அடுக்கடுக்காகத் தீட்டப்பட்டிருப்பதைக் கண்டு பணிந்துவிடும். முன்னால் நிற்கும் மரம் எவ்வளவு கூர்மையோ, தொலைவில் நிற்கும் மரமும் அவ்வளவு கூர்மை. கண்ணுக்குத் தொலைவு மங்கலாகத் தெரியும் என்ற இயல்பை ஏர்ல் வேண்டுமென்றே கைவிட்டிருக்கிறார். வீடியோ நாடாவில் இவை எல்லாம் பச்சையும் கறுப்புமான ஒரு குழம்பாக இருந்தன. இந்த வட்டில் பட்டையின் வெடிப்பை எண்ணலாம்.

இங்கேதான் அப்பாவின் நியதி எனக்கு இடறுகிறது. பின்னணி என்பது இன்னும் வந்து சேராத ஒருவருக்காக இடம் விட்டுவைத்திருக்கும் ஓவியம். அந்த இடத்தை விடத் தெரிந்தவரே நல்ல பின்னணி ஓவியர் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன், இன்றும் பெரும்பாலும் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு மிகச் சிறந்த சான்று இந்தப் படத்தில் இல்லை. 1942-இல் வந்த டிஸ்னியின் 'பாம்பி' என்ற மான்குட்டிப் படத்தில் இருக்கிறது. சீனாவில் 1910-இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்த டைரஸ் வோங் என்ற ஓவியர், ஓர் அசைவின் முக்கிய நிலைகளுக்கு இடைப்பட்ட படங்களை வரையும் இடைவரைஞர் என்ற சிறிய வேலையில் இருந்தபடியே அந்தப் படத்துக்காகத் தாமாகக் காட்டுச் சித்திரங்கள் சிலவற்றைத் தீட்டிக் காட்டினார். சொங் அரசமரபுக் காலத்துச் சீன நிலக்காட்சி ஓவியங்களின் வழியில், எல்லா இலையையும் வரையாமல், நடுவில் சிறிது தெளிவும் ஓரங்களில் பனிபோன்ற கரைவும் வைத்த சித்திரங்கள் அவை. படம் முழுவதும் அந்தத் தோற்றத்தைப் பின்பற்றியது. 'ஸ்னோ வைட்'டும் 'பினோக்கியோ'வும் நீர்வண்ணப் பின்னணிகள் கொண்டவை. 'பாம்பி'க்கோ எண்ணெய் வண்ணம் பயன்பட்டது. பல கண்ணாடித் தளங்களில் தீட்டிய மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அவற்றை வெவ்வேறு வேகத்தில் நகர்த்திப் படம் பிடிக்கும் பல்தளக் கமராவினால், தொடக்கக் காட்சியில் விடியற்காலக் காட்டுக்குள் நாமே நடந்து போவதுபோல் இருக்கும். 1941-இன் வேலைநிறுத்தத்தை அடுத்து, படம் வெளிவரும் முன்பே வோங் வேலையை இழந்தார்; 2001-இல் அதே நிறுவனம் அவரைக் கௌரவித்தது; 2016-இல் 106 வயதில் காலமானார்.

திருகோணமலையில் இருந்து இதை எழுதுபவருக்கு 'பாம்பி'யை மறப்பது கடினம். பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில் புள்ளிமான்கள் நிற்கும். நகரத்து வீதிகளிலும் மாலையில் நடந்து திரியும். படத்தில் குட்டியாக இருக்கும்போது மட்டும் பாம்பிக்குப் புள்ளி உண்டு, வளர்ந்ததும் மறைந்துவிடும். எங்கள் ஊர் மான்களுக்கோ வாழ்நாள் முழுவதும் புள்ளி மாறாது. சிறுவயதில் இதைக் கொண்டு, வளர்ந்த பாம்பி வேறொரு மான் என்று நானும் தம்பியும் முடிவு கட்டியிருந்தோம். மார்கழி மழைக்காலத்தில், கடலிலிருந்து சாரல் ஏறி வரும் காலைவேளையில் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். பின்னால் நிற்கும் மரம் பாதி கரைந்து, மான் மட்டும் தெளிவாக நிற்கும். வோங் தீட்டியது அதைத்தான். கச்சான் காற்று வீசும் ஆடி மாத நண்பகலில் அதே இடத்துக்குப் போனால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு இலையும் கத்தியால் வெட்டியதுபோல் தனித்தனியாகத் தெரியும்; மான் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கும். அது ஏர்லின் காடு.

தேட வேண்டியிருப்பது குறையா? சில இடங்களில் குறைதான் என்று சொல்வேன். படத்தின் தொடக்கத்தில் அரசன் ஸ்டெஃபனின் கோட்டைக்கு ஊர்வலம் போகும் காட்சியில் கொடிகளும் குதிரைகளும் சுவர்களும் ஒரே அழுத்தத்துடன் கண்ணை இழுப்பதால், எவரைப் பார்ப்பதென்று ஒரு கணம் தெரியவில்லை. ஏர்லின் பின்னணிகளுக்கு ஏற்பக் கதாபாத்திரங்களையும் நேர்கோடும் கூர்முனையுமாக வரைய வேண்டியிருந்தது அசைவூட்ட ஓவியர் பலருக்கு உவப்பாக இருக்கவில்லை என்பதும் பதிவாகியுள்ள செய்தி. ஆனால் சூனியக்காரி மேலிஃபிசென்ட் வருகின்ற எந்தக் காட்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பும் ஊதாவுமாக நீண்டு நிற்கும் அவளுடைய உருவம் அந்தத் தூண்களுக்கும் வளைவுகளுக்கும் நடுவில் இன்னொரு தூணாகவே நிற்கிறது. அவளுக்கு இடம் விட வேண்டிய தேவை எழவில்லை. அவள் அந்த ஓவியத்திலேயே விளைந்தவள். முள்வேலி எழுந்து கோட்டையை மூடுகின்ற இடத்தில் முன்னணி எது, பின்னணி எது என்ற கேள்விக்கே பொருள் இல்லாமற் போகிறது. அப்பாவின் நியதியை மீறியும் ஒரு பின்னணி தன் கடமையைச் செய்ய முடியும் என்பதை நான் ஒப்புக்கொண்டது இந்தக் காட்சிகளிலேதான். படம் முடிவதற்கு முன்னரே, 1958-இல், ஏர்ல் நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார் என்பதை அறிந்துகொண்டு பார்ப்பது மனத்தை வருத்துகிறது.

மீட்டெடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல் தாள்களின்மேல் படிந்த தூசி, கீறல், சட்டத்துக்குச் சட்டம் மாறும் நிறத் துடிப்பு எல்லாம் நீக்கப்பட்டுள்ளன. அவற்றோடு படச்சுருளுக்கே உரிய மணிமணியான இழைமமும் பெரும்பாலும் துடைக்கப்பட்டுவிட்டது. திரையரங்கில் படம் பார்த்துப் பழகிய ஒருவருக்கு இது சற்று வழவழப்பாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. எனினும் பின்னணியை மட்டும் கருத்தில் கொண்டால் இழப்பைவிட வரவே அதிகம். சுருளின் இழைமத்துக்குப் பின்னால் மறைந்திருந்த அட்டையின் இழைமமும் தூரிகையின் போக்கும் வெளியே வந்திருக்கின்றன. மரப்பட்டையின் கூர்மை குறைந்ததாக ஓரிடத்திலும் நான் காணவில்லை. நிறத்தில், இரவுக்காட்சிகளின் கருநீலமும் மேலிஃபிசென்டின் பச்சை ஒளியும் அழுத்தமாக நிற்கின்றன.

இந்த மீட்டெடுப்பை நான் இவ்வளவு பெரிதாகக் கருதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்ட்டூன் நிலையங்கள் முற்காலத்தில் செல் தாள்களைக் கழுவி, மீண்டும் அவற்றிலேயே அடுத்த படத்தை வரைந்தன. பிற்காலத்தில் அவற்றைச் சிறிய விலைக்கு நினைவுப்பொருளாக விற்றார்கள். தாளும் அட்டையும் ஒன்றாக இருந்த நிலை ஒளிப்படம் எடுக்கப்பட்ட அந்த ஒரு கணத்தில் மட்டுமே உண்டு. ஆகவே ஏர்லின் ஓர் அட்டை இன்று எவருடைய வீட்டுச் சுவரில் தொங்கினாலும், அதில் நடப்பதற்காக வரையப்பட்டவர் நடக்கின்ற நிலையில் அந்த ஓவியம் இருப்பது சுருளில் மட்டுமே. முற்றத்தில் தோய்த்துக் காயவைத்த காடாத்துணிகளை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

உங்கள் தொலைக்காட்சியையும் சற்றுச் சரிப்படுத்த வேண்டும். கடையில் வாங்கியபடியே பெரும்பாலான பெட்டிகள் நிறத்தை மிகைப்படுத்தும் நிலையில் இருக்கும். அதைத் திரைப்பட நிலைக்கு மாற்றுங்கள். சட்டங்களுக்கு இடையில் பெட்டியே புதிய சட்டங்களை உண்டாக்கி அசைவை வழுவழுப்பாக்கும் வசதியைக் கட்டாயம் நிறுத்திவிடுங்கள். வினாடிக்கு 24 சட்டங்களுக்காக வரையப்பட்ட படம் இது. அந்த வசதி இயங்கினால், பின்னணி நகரும்போது கதாபாத்திரத்தின் விளிம்பைச் சுற்றி மரங்கள் உருகுவதுபோல் தெரியும்.

கூடுதலாகத் தந்திருப்பவற்றுள் ஒன்றுக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம். 1958-இல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ஒரு சிறு படத்தில், ஏர்ல், மார்க் டேவிஸ், ஜோஷுவா மீடர், வால்ட் பெரிகோய் ஆகிய நால்வரும் ஒரே மரத்தின் முன் உட்கார்ந்து அதை வரைகிறார்கள். நால்வரும் அதே நிறுவனத்தில், அதே படத்தில் வேலை செய்தவர்கள். எழுந்து வருவதோ நான்கு வெவ்வேறு மரங்கள். பின்னணி ஓவியம் என்பது ஒரு நிலையத்தின் பெயர் தெரியாத கூட்டு வேலை என்று எண்ணுகின்ற எவருக்கும் இந்தச் சில நிமிடங்களைக் காட்டுவேன். பாடசாலையில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை வகுப்பில் போட்டுக் காட்டலாம். உவர்மலையிலோ பாலையூற்றிலோ ஒரு மரத்தடியில் பிள்ளைகளை இருத்தி அதையே செய்யச் சொல்லலாம். படம் உருவான வரலாற்றைக் கூறும் ஆவணப்படமும் நன்று. விளையாட்டுகளும் பாட்டுக் காணொளிகளும் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

வாங்க நினைப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். புளூரே வட்டுகளில் பிரதேசக் குறியீடு உண்டு. வட அமெரிக்கா 'ஏ' பிரதேசத்திலும் தெற்காசியா 'சி' பிரதேசத்திலும் அடங்கும். உறவினரிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள் பெட்டியின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது. நான் வட்டோடு அக்காவின் பழைய இயக்கியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். தமிழ்க் குரலோ தமிழ் வசன வரியோ இதில் இல்லை.

எனக்கு அது இடையூறாக இருக்கவில்லை. மூன்றாம் முறை பார்த்தபோது ஒலியை முற்றாகக் குறைத்துவிட்டே பார்த்தேன். அன்று தம்பியும் வந்திருந்தான்; இப்போது தலை நரைத்துவிட்டது. மூன்று தேவதைகளும் அரோராவை வளர்க்கின்ற காட்டுக் குடில் வந்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்து, திரையருகே விரலை நீட்டி, "கதவு திறக்கப்போகுது" என்றான். இந்த வட்டின் தெளிவில் கதவின் தட்டையான நிறம் சுற்றியுள்ள சுவரிலிருந்து முன்னிலும் நன்றாகப் பிரிந்து தெரிந்தது. பெட்டியை அவனிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். தைப்பொங்கலுக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.